வெளுத்த கொடிக்கு ஒரு ஸ்தோத்திரம்

பெனிட்டாவுக்கு முழங்கால் போட்டு ஜெபிக்க நேரம் கிடையாது. இதை அவள் பாஸ்டர் அம்மாவிடமே நேராகச் சொல்லியிருக்கிறாள். புதன்கிழமை உபவாச ஜெபத்துக்கு ஏன் வருவதில்லை என்று அந்த அம்மா கேட்டபோது, "நண்டு உயிரோட இருக்கசொல்ல பொன்னேரி போயாவணும்மா. அது செத்துடுச்சின்னா எவனும் சீண்ட மாட்டான். நா நடந்துகினே ஜெபிச்சுக்கிறேன்" என்றாள். பாஸ்டர் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நடந்துகொண்டே செய்கிற ஜெபமும் போய்ச் சேரும், போ என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தையைப் பெனிட்டா கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

காலையில் அடுப்பு பற்றினால் கேஸ் தீராமல் இருப்பதற்கு ஒரு ஸ்தோத்திரம். குழாயில் தண்ணீர் வந்தால் ஒரு ஸ்தோத்திரம். வராவிட்டால் பக்கத்துத் தெருவில் கைப்பம்பு இருப்பதற்கு ஒன்று. ஏரிக்கரை ஏலத்தில் நல்ல நண்டு படிந்தால், ஷேர் ஆட்டோவில் கூடை வைக்க இடம் கிடைத்தால், பொன்னேரியில் கல்லூரிக்குப் போகிற மகள் முணுமுணுக்காமல் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டால், எல்லாவற்றுக்கும் ஒவ்வொன்று. உதடு மட்டும் அசையும். தெரியாதவர்கள் பார்த்தால் நண்டு வியாபாரி மனக்கணக்குப் போடுகிறாள் என்றுதான் நினைப்பார்கள்.

அவள் ஊர் முகத்துவாரத்தை ஒட்டிய ஒரு குப்பம். ஒரு பக்கம் பழவேற்காட்டு ஏரி, இன்னொரு பக்கம் கடல். இரண்டும் சேருகிற முகத்துவாரம் மணல் மூடி மூடி ஒடுங்கிக் கிடக்கிறது. கடலுக்குப் போகிற படகு போகும்போதும் வரும்போதும் அந்தச் சந்து வழியாகத்தான் நுழைய வேண்டும். காற்று கொஞ்சம் திரும்பினாலும் அங்கே அலை மடங்கி உடையும். படகு குறுக்கே திரும்பிவிட்டால் அவ்வளவுதான், கவிழ்த்துப் போட்டுவிடும். அதனால் இந்த ஊர்ப் பெண்களுக்குக் கடலைவிட முகத்துவாரத்தைக் கண்டால்தான் பயம். புருஷன் நடுக்கடலில் இருக்கும்போது சமைப்பார்கள், துணி துவைப்பார்கள், சீரியலும் பார்ப்பார்கள். படகு திரும்புகிற நேரம் நெருங்கிவிட்டால் காது மட்டும் அந்தப் பக்கம் போய்விடும்.

பெனிட்டாவின் சபையில் ஒரு வழக்கம் உண்டு. உலை வைக்கும் முன் ஒரு கைப்பிடி அரிசியைக் காணிக்கையாக எடுத்து வைப்பார்கள். சேர்ந்த அரிசி ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போய், அங்கிருந்து அடுப்பெரியாத வீடுகளுக்குப் போகும். பெனிட்டா அதைத் தன் வசதிக்கு வளைத்துக்கொண்டாள். அவள் புருஷன் பிரதாப் ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர். அவர் முகத்துவாரம் தாண்டி உள்ளே வந்த பிறகுதான் இவள் வீட்டுக் கைப்பிடி அரிசி டப்பாவில் விழும். அரிசியைக் கையில் எடுத்து, "என் ஊட்டுக்காரர கொண்டாந்து சேத்ததுக்கு ஸ்தோத்திரம்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் போடுவாள். கல்யாணமான புதிதில் அவர் கால் மணலில் படுகிறவரை காத்திருந்து பார்த்துவிட்டுத்தான் போட்டாள். பிறகு படகு கரையை நெருங்கினால் போதும் என்றாயிற்று. இப்போதெல்லாம் கொல்லையில் நின்றபடி தூரத்தில் கொடியைக் கண்டாலே கை டப்பாவுக்குள் போய்விடும். அவளைச் சொல்லியும் குற்றமில்லை. பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்குப் புறப்படுகிற பஸ் அவள் ஜெபம் முடியட்டும் என்று நிற்கப் போவதில்லை.

கூடையோடு ஆட்டோ நிற்கிற இடத்துக்கு நடக்கும்போது ஊர்ப் படகுகளுக்காக ஜெபிப்பாள். வீட்டு வரிசைப்படி ஒவ்வொரு வாசலையும் தாண்டும்போது அந்த வீட்டு ஆம்பிளை பெயரைச் சொல்லிக் காப்பாற்றும்படி கேட்டுக்கொள்வாள். இந்துவா கிறிஸ்தவனா என்று பார்ப்பதில்லை. கடல் பார்க்கிறதா என்ன? ஆனால் கோபால் வீட்டு வாசல் வரும்போது மட்டும் அவளுக்கு இருமல் வரும். நன்றாக இருமி முடிப்பதற்குள் அடுத்த வீடு வந்துவிடும். இந்த இருமல் ஒரு வருஷமாக இருக்கிறது, மருந்து எதுவும் சாப்பிடவில்லை.

போன வருஷம் ஏரியில் கோபால் விரித்திருந்த புது வலையைப் பிரதாப்பின் எஞ்சின் அறுத்துவிட்டது. படகு போகிற வழியில் வலை கட்டினால் அறுக்காமல் என்ன செய்யும் என்றார் பிரதாப். வேண்டுமென்றே ஏற்றினான் என்றான் கோபால். ஊர்க்கூட்டத்தில் பேச்சு முற்றி, செத்துப்போன அப்பன்மார்கள் வரைக்கும் போய்விட்டது. அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் முகம் கொடுத்துப் பேச்சில்லை. கோபாலின் பெண்டாட்டி இளவரசி அதற்கு முன்பெல்லாம் பெனிட்டாவை வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுகிறவள். அதுவும் நின்றுபோயிற்று.

கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் விடியும் முன்பே பிரதாப்பும் அவரோடு தொழிலுக்குப் போகிற ராகுலும் கடலுக்குப் போனார்கள். போகும்போது கடல் சாதுவாகத்தான் இருந்தது. வெயில் ஏறவேண்டிய நேரத்தில் வானம் மூட்டம் போட்டுத் தூற ஆரம்பித்தது. வாடைக்காற்று ஒரே மூச்சாக எழும்பியது. கொல்லைப்புறத்து வேலிக்காத்தான் இடைவெளியில் பார்த்தால் முகத்துவாரம் தெரியும். பெனிட்டா நண்டுக்கால்களைச் சணலால் கட்டிக்கொண்டே பார்த்தாள். அங்கே வெள்ளையாக நுரைத்துக்கொண்டு கிடந்தது. ஒரு நண்டைக் கட்டினாள், எட்டிப் பார்த்தாள். இன்னொன்றைக் கட்டினாள், எட்டிப் பார்த்தாள். ஒரு நண்டு விரலைக் கவ்வியது கூட உறைக்கவில்லை.

தெருக்கோடியில் ஆட்டோக்காரன் ஹாரன் அடித்துக் கூப்பிட்ட அதே நேரத்தில் ஒரு படகு அலையின் மேல் ஏறி, முதுகைக் காட்டி, உள்ளே விழுந்தது. பின்னால் நட்டிருந்த கழியில் வெள்ளைக் கொடி. அந்த ஊரில் வெள்ளைக் கொடி கட்டுகிறவர் பிரதாப் ஒருவர்தான். மற்றவர்கள் மஞ்சளோ சிவப்போ கட்டுவார்கள். பெனிட்டாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அடுக்களைக்குள் ஓடி, ஈரக்கையாலேயே அரிசியை அள்ளி, ஸ்தோத்திரம் சொல்லி, டப்பாவில் போட்டு மூடினாள். ஈரத்தில் ஒட்டிக்கொண்ட அரிசியைப் புடவையில் துடைத்துக்கொண்டே ஆட்டோவில் ஏறிவிட்டாள்.

பழவேற்காட்டில் பஸ் புறப்பட்டுச் சிறிது தூரம்தான் போயிருக்கும். கூடையைக் காலடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். போன் அடித்தது. பக்கத்து வீட்டு லோகநாயகி.

"எங்க கீற பெனிட்டா?"

"பஸ்ல கீறேன்கா. இன்னாக்கா?"

"பிரதாப் போன் எதுனா பண்ணானா?"

"அவரு வந்துட்டாரேக்கா. நா பாத்துட்டுத்தான் கெளம்பினேன். இந்நேரம் சாப்ட்டு படுத்துகினு இருப்பாரு."

லோகநாயகி யாரிடமோ எதையோ கேட்டுவிட்டு மறுபடி பேசினாள்.

"இன்னாடி சொல்ற? கடேசியா வந்தது கோபால் போட்டு. மத்தது எல்லாம் அதுக்கு முன்னயே வந்துடுச்சி. ஒங்க போட்டு ஒண்ணுதான் இன்னும் காணம். காத்து வேற ஏறிகினே கீது."

"வெள்ளக் கொடிக்கா. நா பாத்தேன்."

"அது கோபால் ஆடி மாசம் கங்கையம்மனுக்குக் கட்டின மஞ்சத் துணிடி. வெயிலும் உப்புமா வெளுத்துப் போயி தொங்குது. நீ மொதல்ல கெளம்பி வா."

பெனிட்டா எழுந்து நின்று வண்டியை நிறுத்தச் சொன்னாள். கண்டக்டர் விசில் கொடுத்தார். அவள் படியில் இறங்கிய பிறகுதான் அவர் கூடையைப் பார்த்தார். "யம்மா, நண்டும்மா" என்றார். பெனிட்டா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எத்தனையோ வருஷமாகக் கூடையை மடியில் வைத்த குழந்தையைப்போலக் கொண்டுபோகிறவள், அது பஸ்ஸோடு போவதைக் கவனிக்காமல் எதிர்ப்பக்கம் நடக்க ஆரம்பித்தாள்.

பழவேற்காட்டுக்காரன் அர்ஷத் காலி ஆட்டோவோடு வந்தான். கையை நீட்டுவதற்கு முன்பே அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டான். விஷயத்தைக் கேட்டதும், "கெட்டியா புடிச்சிக்கோக்கா" என்று மட்டும் சொல்லி வண்டியை விரட்டினான்.

வண்டிக்குள் பெனிட்டா ஜெபிக்கப் பார்த்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நாள் முழுக்க எதற்கெடுத்தாலும் ஸ்தோத்திரம் சொல்கிற வாய், வேண்டிய நேரத்தில் காய்ந்துபோய்க் கிடந்தது. மனசு ஒரே இடத்தில் சுற்றியது. கொண்டுவந்து சேர்த்ததற்கு நன்றி என்று சொல்லியாயிற்று. அரிசியும் போட்டாயிற்று. இனி என்ன கேட்பது? காரியம் முடிந்துவிட்டது என்று அவளே மூடி போட்டு மூடிவிட்டாளே. ஆண்டவரே, அது அவசரத்தில் சொன்னது, அதைத் திருப்பிக் கொடுத்துடுங்க என்று கேட்கலாமா என்று தோன்றியது. கேட்டால் அதன் அர்த்தம் என்ன என்பதும் உடனே தோன்றியது. கோபால் வந்ததைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்வதுபோல ஆகிவிடாதா? ஊரில் இத்தனை படகு இருக்க, அவள் இருமிவிட்டுத் தாண்டிய படகுதானா வந்து நிற்க வேண்டும்? கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். பயத்தைவிட அதுதான் கொஞ்சம் தெம்பாக இருந்தது.

மகள் போன் செய்தாள். கல்லூரி வராந்தாவின் இரைச்சல் கேட்டது. "மா, காத்து பயங்கரமா அடிக்குதாமே. நைனா வந்துடுச்சா?"

பெனிட்டா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "வந்துடும்டி. நீ கிளாசுக்குப் போ" என்றாள்.

கரையில் ஊரே நின்றது. சேலைத் தலைப்புகள் காற்றில் படபடத்தன. ஆண்கள் தங்கள் படகுகளை மேட்டுக்கு இழுத்து, எஞ்சினைக் கழற்றி வைத்துவிட்டிருந்தார்கள். தகவல் சொல்ல வேண்டிய இடத்துக்கெல்லாம் சொல்லியாயிற்று, கடலோரக் காவல்காரர்கள் சுற்றிக்கொண்டு வந்து சேர நேரம் ஆகும் என்றார்கள். காற்று இறங்கட்டும் என்றார் ஒருவர். அதற்குள் வெளியே மாட்டிக்கொண்ட படகு என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். அலை ஒவ்வொரு முறை உடையும்போதும் பேச்சு நின்று நின்று வந்தது.

தண்ணீரில் எஞ்சினோடு நின்றது ஒரே ஒரு படகு. அதன் பின்னால் வெளுத்துப்போன மஞ்சள் துணி அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்று பார்த்தால் மடிப்பில் இன்னும் மஞ்சள் தெரிந்தது. அந்தச் சந்தில் படகு விடுவதில் கோபாலை மிஞ்ச ஆள் கிடையாது, அவனைப் பிடிக்காதவர்களும் ஒத்துக்கொள்வார்கள். கேட்பதென்றால் அவனைத்தான் கேட்க வேண்டும். காலில் விழுந்தாவது கேட்டுவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் பெனிட்டா மணலில் நடந்தாள்.

கோபால் வலைக் குவியல் மேல் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கையில் டீ கிளாஸ். டீ ஆறி ஆடை கட்டியிருந்தது, அவன் வாய் வைக்கவில்லை. கடலில் பாதி வாழ்க்கையைக் கழித்தவன் இப்படி ஒடுங்கி உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை. இளவரசி அவன் முழங்கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெனிட்டா எதற்கு வருகிறாள் என்பது அவளுக்குப் பார்த்த மாத்திரத்திலேயே தெரிந்துவிட்டது. பிடி இன்னும் இறுகியது. கேட்காதே என்று அவள் கண்கள் கெஞ்சின.

பெனிட்டாவின் வாய்வரை வந்த சொல் அங்கேயே நின்றது. இந்த மனுஷன் வந்ததற்குத்தான் காலையில் அவள் நன்றி சொன்னாள். தெரிந்து சொன்னாளோ தெரியாமல் சொன்னாளோ, சொன்னது சொன்னதுதான். வந்தவனை மறுபடி அதற்குள் போகச் சொன்னால் அந்த நன்றி என்ன ஆவது? இளவரசியின் கை தன் கையாகவே தெரிந்தது அவளுக்கு.

"அண்ணா" என்றாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு வந்த வார்த்தை. "ஒங்க கொடியப் பாத்து அவருதான்னு நெனச்சிட்டேன். கொண்டாந்து சேத்ததுக்கு ஸ்தோத்திரம் சொல்லி அரிசியும் போட்டுட்டு பஸ் ஏறிட்டேன். நீங்க நல்லபடியா வந்தீங்க. அத சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

வேறு எதுவும் கேட்காமல் திரும்பினாள். கால்கள் எங்கே போகின்றன என்று அவளுக்கே தெரியவில்லை.

"நில்லும்மா" என்றான் கோபால்.

அவன் கிளாஸை மணலில் வைத்தான். அது சாய்ந்து விழுந்தது.

"அவன நா பாத்தேன். முகத்துவாரத்து மணல்பாருக்கு அந்தாண்ட நங்கூரம் போட்டுகினு நிக்கறான். எஞ்சின் காத்தாடியில வலைக்கயிறு சுத்திக்கிச்சி போல, எஞ்சினத் தூக்கி வெச்சிகினு ராகுல் அறுத்துகினு இருந்தான். பிரதாப் சட்டையக் கழட்டி ஆட்டினான்." கோபால் யார் முகத்தையும் பார்க்கவில்லை. "நா நிறுத்தல."

இளவரசி பிடியை விட்டுவிட்டு அவனையே பார்த்தாள். "இன்னாய்யா சொல்ற? வந்ததுலருந்து ஒரு வார்த்த சொல்லலியே நீ."

"அந்த அலையில நிறுத்தினா நானும் போயிருப்பேன். அது பொய்யில்ல." கோபால் போர்வையைத் தோளிலிருந்து இறக்கினான். "ஆனா வேற எவனா இருந்தாலும் ஒரு கயிறு வீசிப் பாத்திருப்பேன்."

எந்த வருகைக்குப் பெனிட்டா நன்றி சொன்னாளோ, அந்த வருகைதான் அவள் புருஷனை அங்கே விட்டுவிட்டு வந்திருக்கிறது. சட்டையைக் கழற்றி ஆட்டிய மனுஷன் கண்முன் நின்றார். கோபாலின் முகத்தில் அறைய வேண்டும் என்று கை பரபரத்தது. அறைந்திருப்பாள். ஆனால் அந்த நேரம் பார்த்துத் தன் இருமல் ஞாபகத்துக்கு வந்தது. இவன் ஒரு கயிறு வீசவில்லை. அவள் ஒரு பெயரைச் சொல்லவில்லை, ஒரு வருஷமாகத் தினமும். அவனாவது உயிருக்குப் பயந்தான். அவளுக்கு என்ன பயம் இருந்தது, வாசலைத் தாண்டி நடந்து போவதில்?

கோபால் எழுந்து தம்பியைக் கூப்பிட்டான். டீசல் கேனைக் கொண்டுவரச் சொன்னான். யாரோ வேண்டாம்டா என்றார்கள். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இளவரசி ஓடிப்போய்ப் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"போவாதய்யா. ரெண்டு புள்ளைங்க கீது."

"அவனுக்கும் ஒரு பொண்ணு கீது. கைய எடு."

அவள் எடுக்கவில்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி பெனிட்டாவைத் திரும்பிப் பார்த்தாள். "நீ சொல்லு. நீ சொன்னா கேப்பாரு. போவாதன்னு சொல்லு."

கரை முழுவதும் அவளைப் பார்த்தது. போ என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. போகாதே என்று சொல்லவும் வரவில்லை. இரண்டில் ஒன்றைச் சொல்லிவிட்டால் சாகிறவரை அதோடு குடித்தனம் நடத்த வேண்டும்.

"என்னால முடியல இளவரசி" என்றாள். "எனக்கு அவரு வேணும். ஒனக்கு இவரு வேணும். நா இன்னான்னு சொல்றது."

இளவரசி அவளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு விளிம்பிலிருந்த கை தானாகத் தளர்ந்தது. எஞ்சின் உறுமியது. படகு அவளை ஒதுக்கிக்கொண்டு போய்விட்டது.

முகத்துவாரத்தில் முதல் அலை படகைச் செங்குத்தாகத் தூக்கியது. இரண்டாவது அலையில் கொடி மட்டும் தெரிந்தது. அப்புறம் அதுவும் தெரியவில்லை.

இரண்டு பெண்களும் ஈர மணலில் உட்கார்ந்தார்கள். ஒருவரை ஒருவர் தொடவில்லை. லோகநாயகி பின்னால் வந்து நின்றுகொண்டாள். மழை வலுத்தது. யாரும் வீட்டுக்குப் போகவில்லை.

"நீ ஜெபம் பண்ணுவியே" என்றாள் இளவரசி, கடலைப் பார்த்தபடியே. "பண்ணேன்."

பெனிட்டா உட்கார்ந்த இடத்திலேயே, தெருவில் நடப்பதுபோல, வீட்டு வரிசைப்படி ஆரம்பித்தாள். கோபால் வீடு வந்தது. இருமல் இல்லை, அழுகை. விழுங்கிக்கொண்டு பெயரைச் சொன்னாள். அவன் தம்பியின் பெயரையும் சொன்னாள். பிரதாப், ராகுல் என்று முடித்துவிட்டு மறுபடி கோபாலிடம் வந்தாள்.

"எங்க போட்டுக்கு தினமும் சொல்வியா?" என்று இளவரசி கேட்டாள்.

பொய் சொல்லலாம். இந்த நேரத்தில் யார் குற்றம் சொல்லப்போகிறார்கள்? "இல்ல" என்றாள் பெனிட்டா. "ஒங்க ஊடு வந்தா எனக்கு இருமல் வந்துடும்."

இளவரசிக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. விளங்கியதும் அழுகைக்கு நடுவே ஒரு சிரிப்பு வந்து பாதியிலேயே நின்றது. "நானும் விளக்கேத்தசொல்ல ஒங்க போட்ட உட்டுட்டுத்தான் அம்மாவக் கும்புடுவேன்" என்றாள். இளவரசி உதட்டுக்குள் கங்கையம்மனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பெனிட்டா பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தாள். காற்று இரண்டையும் அள்ளிக்கொண்டு போயிற்று.

எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியவில்லை. கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கொடி ஏறி இறங்கியது. வெள்ளையாக.

பெனிட்டாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலையில் பார்த்த அதே கொடி. காலையில் துள்ளியதுபோலவே மனசு துள்ளப் பார்த்தது. இந்தத் தடவை அது யாருடைய கொடி என்று அவளுக்குத் தெரியும். பின்னால் இன்னொரு படகு வருகிறதா என்று பார்த்தாள். கயிறு ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தாள். ஒரே ஒரு படகுதான்.

லோகநாயகி நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "ரெண்டு தலைதான் தெரியுது" என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காக வாயைப் பொத்திக்கொண்டாள்.

போனது கோபாலும் அவன் தம்பியும். இரண்டு பேர். திரும்புவதும் இரண்டு பேர். இளவரசியின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. உடனே தலையைக் குனிந்துகொண்டாள். பெனிட்டா அதைப் பார்த்துவிட்டாள். பார்த்தும் அவளுக்குக் கோபம் வரவில்லை. காலையில் அடுக்களையில் தன் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும்.

படகு உடைகிற அலைக்குள் நுழைந்தது. பெனிட்டா எழுந்தாள். நேரமே கிடைக்காத முழங்காலை ஈர மணலில் ஊன்றினாள். பிரதாப்பைக் கேட்டுக் கதறத்தான் வாய் திறந்தது. வெளியே வந்தது வேறு.

"கோபால் அண்ணன கொண்டாந்து சேத்ததுக்கு ஸ்தோத்திரம்" என்றாள். பெயரைச் சொல்லி, கூட்டத்துக்கே கேட்கும்படி. "அவரு தம்பியக் கொண்டாந்து சேத்ததுக்கு ஸ்தோத்திரம்." அதற்கு மேல் அவளிடம் எதுவும் இல்லை. அவள் குரலில் சந்தோஷம் இருந்ததாக யாரும் சொல்ல முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள், கண்ணீர் மூக்கு வழியாக ஓட, விடாமல் சொன்னாள்.

படகு கடைசி அலையின் முதுகில் சறுக்கி ஏரித் தண்ணீருக்குள் வந்தது. ஆட்டம் அடங்கியதும் அதன் நடுவிலிருந்து ஒருவன் நிமிர்ந்தான். அவன் கையில் பிளாஸ்டிக் வாளி. ராகுல். அவனுக்குப் பின்னால் சட்டையில்லாத ஒரு உடம்பு இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நிமிர்ந்தது. அலைக்கு அஞ்சி இருவரும் படகின் அடியில் உட்கார்ந்து, உள்ளே ஏறிய தண்ணீரை இறைத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். பிரதாப்பின் படகு நங்கூரத்தோடு அங்கேயே நின்றுவிட்டது. இருக்குமோ போகுமோ, அது நாளைய கவலை.

கரை இரைந்தது. லோகநாயகி பெனிட்டாவின் தோளைப் போட்டு உலுக்கினாள். பெனிட்டா எழுந்திருக்கவில்லை, ஓடவில்லை. முழங்காலில் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். கொடியைப் பார்க்கவில்லை. படகையும் பார்க்கவில்லை. படகு மணலில் முட்டியது. பிரதாப் விளிம்பைத் தாண்டிக் காலை இறக்கினார். விரல்கள் ஊறி வெளுத்த அந்தக் கால் தண்ணீரைத் தாண்டி, ஈர மணலில் அழுந்திப் பதிகிறவரை அவள் காத்திருந்தாள்.

பதிந்தது. வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. அத்தனை வருஷமாக அடுப்புக்கும் குழாய்க்கும் பஸ்ஸுக்கும் வாரி இறைத்த வார்த்தை, வர வேண்டிய இடத்தில் வராமல் நின்றது. உதடு மட்டும் அசைந்தது.

கோபாலின் ஈரத் தலையைத் தலைப்பால் துவட்டிக்கொண்டிருந்த இளவரசி அதைப் பார்த்தாள். அவனை அப்படியே விட்டுவிட்டு வந்து, பெனிட்டாவின் பக்கத்தில் மணலில் முழங்கால் போட்டு உட்கார்ந்தாள்.

"சொல்லுக்கா" என்றாள். "எங்க ஊட்டுக்காரருக்கு ரெண்டு தபா சொல்லிட்ட. ஒங்க ஊட்டுக்காரருக்கு இன்னும் சொல்லல நீ."